விருந்தோம்புவோரை ஓம்புவோர் யார்?

விருந்தோம்பல் தமிழரின் தலையாய பண்பு என்று பெருமை கொள்கிறோம். வள்ளுவப் பெருந்தகை அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆனால் வீட்டிற்கு வெளியே அதனையே தொழிலாகச் செய்து பிழைப்போரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியே செல்கிறது. இரவும் பகலும் அதில் பயணிகள் ஓய்வதில்லை. அரியலூர்ப் பகுதிக்கோ சிமெண்டு ஆலைகளின் பொருட்டு வருவோர், கங்கைகொண்ட சோழபுரத்தைக் காண வருவோர், வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையை நாடி வருவோர் எனப் பலர் உளர். இவர்கள் அனைவருக்கும் உணவு வேண்டும். சிலருக்குத் தங்க இடமும் வேண்டும். ஆயினும், "நல்ல சமையல் மாஸ்டர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை" என்பதே உணவு விடுதி நடத்துவோரின் ஓயாத குறை.

ஏன் நிலைப்பதில்லை? விடியுமுன் அடுப்பை மூட்டி, நள்ளிரவில் பாத்திரம் கழுவி முடிக்கும் வேலை அது. படுக்கக் கிடைப்பதோ பல இடங்களில் அரிசி மூட்டைகளின் நடுவே சிறிது இடம். ஞாயிறும் திருநாளும் ஊருக்கு ஓய்வு. இவர்களுக்கோ அன்றுதான் வேலை மிகுதி. திறமையுள்ளவன் சென்னைக்கோ வளைகுடா நாட்டிற்கோ சென்றுவிடுகிறான். முன்பணம் கொடுத்துக் கட்டிவைப்போரும் உண்டு. கடன் தீரும் வரை உடல் அங்கே நிற்கும், உள்ளம் நிற்காது.

சட்டம் வாளாவிருக்கவில்லை. உணவு விடுதித் தொழிலாளருக்கு வார விடுமுறை வேண்டுமென 1958-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. கடைகளிலும் நிறுவனங்களிலும் நின்றே உழைப்போருக்கு இருக்கை தரவேண்டுமென 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் ஏட்டில் உள்ள இருக்கை கால்வலியைத் தீர்க்குமா?

சென்னையில் 1981-இல் தொடங்கிய சரவண பவன் உணவகத்தை நாடறியும். அது தன் ஊழியருக்கு உறைவிடம், மருத்துவ உதவி, பிள்ளைகளின் படிப்பிற்கு உதவி ஆகியவற்றை அளித்தது. அவர்களும் நெடுங்காலம் நிலைத்து உழைத்தனர். அதன் நிறுவனர் பின்னர்க் கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றதையும், 2019-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஈகை எதுவும் அக்கொடுமையை ஈடு செய்யாது. எனினும், ஊழியரின் குடும்பத்தைப் பேணினால் ஊழியர் நிலைப்பர் என்ற உண்மை உண்மையே.

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் நாம் மறந்துவிடும் ஒருவர் சாவடிப் பொறுப்பாளர். காயமுற்றவரைச் சமாரியர் கொண்டுவந்து சேர்த்தார். மறுநாள் தம் வழியே சென்றார். அதன்பின் இரவு பகலாகப் பேணவேண்டியவர் அந்தச் சாவடிக்காரரே. சமாரியர் அவரிடம் வெறும் நன்றி கூறிச் செல்லவில்லை. ஏறத்தாழ இரண்டு நாள் கூலியான இரு தெனாரியத்தை முன்னதாகவே கொடுத்து, மேற்செலவையும் தருவதாக வாக்களித்தார். இரக்கமும் நீதியும் அங்கே கைகோத்து நின்றன.

உழைப்பின் மதிப்பு வேலையின் வகையைப் பொறுத்ததன்று, உழைப்பவர் மனிதர் என்பதையே பொறுத்தது எனத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் தம் சுற்றுமடல் வழியே கற்பித்தார். நம் குடும்பங்கள் இதனை ஏற்றுக்கொண்டனவா? திருச்சிக்கு அருகே துவாக்குடியில் உணவக மேலாண்மையும் சமையற்கலையும் கற்பிக்கும் அரசு நிறுவனம் உண்டு. மகன் அங்கே படிக்க விரும்பினால், "கரண்டி பிடிக்கவா வளர்த்தோம்?" என்கிறோம். மாப்பிள்ளை உணவகத்தில் வேலை செய்கிறார் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். பின்னர் அதே கைகள் சமைத்த உணவைச் சுவைத்து உண்கிறோம்.

அன்பர்களே, விடுதி நடத்துவோர் வாரம் ஒரு நாள் ஓய்வும், படுக்கத் தூய இடமும், குறித்த நாளில் கூலியும் தருக. கத்தோலிக்க ஊழியர் ஞாயிறு திருப்பலி காண நேரமும் தருக. உண்ணச் செல்லும் நாமோ, பரிமாறும் சப்ளையரை "டேய்" என விளியாது, "தம்பி", "அண்ணே" என அழைப்போம். சோறிடும் கைகளுக்கு மதிப்புத் தரும் இடத்தில்தான் திறமையுள்ளோர் தங்குவர். விருந்தும் அங்கேதான் விருந்தாகும்.