பனிக்குள் சிறைபட்ட பழங்காற்று

அன்டார்க்டிகாவின் நடுப்பகுதியில் விழும் பனி உருகுவதில்லை. ஆண்டுதோறும் புதிய பனி மேலே சேரச் சேர, அதன் பாரத்தால் அடியிலுள்ள பனி இறுகுகிறது. சுமார் 100 மீட்டர் ஆழத்தில் அது கெட்டியான கட்டியாகும்போது, துகள்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேற வழியின்றிச் சிறு குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. பழங்கால வளிமண்டலத்தின் அசல் மாதிரி இப்படித்தான் இன்றைய விஞ்ஞானிகளின் கைக்கு வருகிறது.

இதன் பயனை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் லோரியுஸ். 1965இல் அன்டார்க்டிக் முகாம் ஒன்றில், ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டியை விஸ்கிக் கோப்பையில் போட்டார். கட்டி கரையக் கரையக் குமிழிகள் வெடித்துக் கிளம்பின. அந்தக் காற்றைப் பிடித்து அளக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அப்போது உதித்தது.

ஆய்வுக்காக, குழாய் வடிவத் துளைக்கருவியால் சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள பனி உருளைகள் வெட்டியெடுக்கப்படுகின்றன. பனியின் அழுத்தத்தால் துளை மூடிக்கொள்ளாதபடி அதில் உறையாத திரவம் நிரப்பப்படும். ஆய்வகத்தில் வெற்றிடக் கலத்துக்குள் பனியை நொறுக்கி, வெளிவரும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று அளக்கிறார்கள். அந்தக் காலத்து வெப்பநிலையைப் பனியே காட்டித்தருகிறது. குளிர் கூடினால் பனியில் கனமான ஆக்சிஜன்-18 அணுக்களின் விகிதம் குறையும். 1815இல் வெடித்த தம்போரா போன்ற எரிமலைகள் விட்டுச்சென்ற கந்தகப் படிவுகள், அடுக்குகளின் வயதைக் கணிக்க உதவுகின்றன.

ஐரோப்பிய நாடுகளின் 'எபிகா' திட்டம் டோம் சி என்ற இடத்தில் 3 கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டு, 8 லட்சம் ஆண்டுகளின் வரலாற்றை வெளிக்கொணர்ந்தது. அந்த நெடுங்காலத்தில் பனியுகங்களும் வெப்ப இடைக்காலங்களும் மாறி மாறி வந்துள்ளன. கார்பன் டை ஆக்சைடு, காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 170 முதல் 300 பங்குக்குள்ளேயே ஏறி இறங்கியது. தொழிற்புரட்சிக்கு முன் 280ஆக இருந்த அளவு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

அளவைவிட வேகமே அதிகம் கவலையளிக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது இந்த வாயு சுமார் 80 பங்கு உயர ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் ஆயின. ஹவாயின் மௌனா லோவாவில் நேரடி அளவீடு தொடங்கிய 1958க்குப் பிறகு மட்டும் உயர்வு 100 பங்குக்கும் மேல்.

பனியுகங்கள் முடிந்தபோது, பூமியின் சுற்றுப்பாதையில் நேர்ந்த சிறு மாற்றங்களே வெப்பமாதலைத் தொடங்கிவைத்தன. கடலிலிருந்து வெளிவந்த கார்பன் டை ஆக்சைடு அதைப் பெருக்கியது. இப்போது வாயுவே முந்திக்கொண்டு உயர்கிறது. அது மனிதரால் வந்தது என்பதற்கும் குமிழிகளில் சான்று உண்டு. தாவரங்களிலும் அவற்றிலிருந்து உருவான நிலக்கரி போன்றவற்றிலும் கனமான கார்பன்-13 அணுக்கள் குறைவு. கடந்த இரு நூற்றாண்டுக் காற்றில் அதன் விகிதம் சரிந்துகொண்டே வருகிறது. எரித்த எரிபொருளும் அழித்த காடுகளுமே இதற்குக் காரணம்.

சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெப்ப இடைக்காலத்தில் பூமியின் சராசரி வெப்பம் ஏறக்குறைய இன்றைய அளவில்தான் இருந்தது. ஆயினும் கடல்மட்டம் இன்றைவிட 5 முதல் 10 மீட்டர் உயரமாக இருந்ததைப் பழைய கரையோரப் பவளப் படிவுகள் காட்டுகின்றன. பனிப்பாளங்கள் உருக நூற்றாண்டுகள் பிடிக்கும். அதனால், இன்றைய வெப்பத்தின் முழு விளைவு இன்னும் கரையை எட்டவில்லை.

2025 ஜனவரியில் 'பியாண்ட் எபிகா' குழு, லிட்டில் டோம் சி என்ற இடத்தில் 2,800 மீட்டர் துளைத்து அடிப்பாறையைத் தொட்டது. கிடைத்த பனியின் வயது குறைந்தது 12 லட்சம் ஆண்டுகள். சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோன பனியுகச் சுழற்சி, பிறகு ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளாக நீண்டது ஏன் என்பது இன்னும் விடைகாணாத கேள்வி. கார்பன் டை ஆக்சைடு குறைந்ததுதான் காரணமா என்பதை இந்த உருளைகளின் காற்று சொல்லக்கூடும். அந்த விடை, இவ்வாயு மாறும்போது பனிப்பாளங்கள் எவ்வளவு மாறும் என்ற கணிப்பைத் துல்லியமாக்கும். கரையோர ஊர்களைக் காக்கத் திட்டமிடுவோருக்கு அந்தக் கணிப்பு மிகவும் தேவை.