நகல் இருந்தால் நஷ்டம் இல்லை

கம்ப்யூட்டர் கெட்டுப்போனா உள்ளே இருக்கிற மார்க் லிஸ்ட், கடிதம், படம் எல்லாம் என்ன ஆகும்? நகல் இல்லைன்னா போனது போனதுதான். நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் பிறந்தது. அதில் கோப்புகளைக் காந்த நாடாவில் நகல் எடுப்பார்கள். பாட்டுக் கேசட்டில் இருக்குமே, அதே மாதிரி நாடா. 'டார்' என்ற கட்டளையின் பெயரே 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம்.

'டம்ப்' என்று இன்னொரு கட்டளை. அதில் 0 கொடுத்தால் முழு நகல். 1 கொடுத்தால் அதற்குப் பிறகு மாறியவை மட்டும். ஞாயிறு 0, மற்ற நாள் 1 என்று வைத்தால் நாடாவும் நேரமும் மிச்சம். மீட்கும்போது முதலில் 0 நாடா, பிறகு கடைசியாக எடுத்த 1 நாடா.

2011 பிப்ரவரியில் மென்பொருள் கோளாறால் ஜிமெயிலில் சிலருடைய கடிதங்கள் மறைந்தன. கம்ப்யூட்டர்களில் இருந்த நகல்களும் போயின. தனியாக வைத்திருந்த நாடாவை மட்டும் கோளாறு தொடவில்லை. அதிலிருந்துதான் கூகுள் மீட்டது.

1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் சாம்பலாயின. நகல் இல்லாத சுவடிகள் திரும்ப வரவே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போச்சு.

மறக்காதீங்க:
1. தவறாமல் நகல் எடுக்கணும்.
2. நகலை வேறு கட்டடத்தில் வைக்கணும்.
3. திரும்ப எடுக்க வருதான்னு சோதிக்கணும்.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம்!

- 9-ஆம் வகுப்பு மாணவி, கொண்டப்பநாயக்கன்பட்டி