பெயர் தெரியாதவர் கேட்கும் விலை

வட்டகொடையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொய்யும் கொழுந்து பெக்டரியில் தேயிலையாகி, கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883 ஜூலை 30ஆம் திகதி சொமர்வில் நிறுவனத்தின் அலுவலகத்தில் தொடங்கிய அந்த ஏலத்தில் முன்பின் தெரியாத ஒருவர் புகுந்து விலை கேட்க முடியாது. விற்பது தரகர் நிறுவனங்கள். கேட்பது 1894இல் அமைந்த கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கத்தில் பதிந்த கொள்வனவாளர்கள். பணம் கட்டவேண்டிய நாளும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு காரணமாக ஏலம் கணினித் திரைக்கு மாறியது. இடம் மாறியதே தவிர, யார் கேட்கலாம் என்ற கட்டுப்பாடு மாறவில்லை.

மலையகத்துப் பழம்பொருள்களுக்கு இப்படியொரு காவல் கிடையாது. கோப்பிக் காலத்துக் கூலி டோக்கன்கள் (கொழும்பு வேகந்தை ஆலைக்காக ஜோர்ஜ் ஸ்டுவர்ட் நிறுவனம் 1843 என ஆண்டு பொறித்து வெளியிட்டது அவற்றுள் பேர்போனது), 1901 முதல் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவரும்போது தொழிலாளரின் கழுத்தில் கட்டிவிட்ட டின் டிக்கட், கொழுந்து கொய்யும் பெண்களைக் காட்டும் பிளாட்டே நிறுவனத்தின் படத் தபால் அட்டைகள், ஸ்டேசன் பெயர் அச்சிட்ட தடித்த அட்டை ரயில் டிக்கட்டுகள் ஆகியவற்றைத் தேடுவோரில் பலர் கடல் கடந்து வாழ்கிறார்கள். ஆகவே அவை 1995இல் தொடங்கிய ஈபேயிலும், சேகரிப்பாளருக்கென்றே 2000ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் உருவான டெல்கம்பிலும் ஏலத்துக்கு வருகின்றன. அங்கே எவரும் கணக்குத் திறந்து விலை கேட்கலாம். கேட்டவரின் பெயருக்குப் பக்கத்தில், அதுவரை அவருடன் வியாபாரம் செய்தவர்கள் இட்ட மதிப்பெண் நிற்கும். அது பூச்சியமாக இருந்தால், விற்பவருக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று பொருள்.

பூச்சியத்தைக் கண்டதும் அவரது விலைக் கேள்வியைத் தள்ளிவிடுவோர் உண்டு. அது அவசர முடிவு. ஏலத்தில் விலை ஏற இரண்டு பேர் வேண்டும். அரிதான டோக்கனுக்கு அந்த இரண்டாவது ஆள் கிடைப்பதே பெரும்பாடு. பாட்டன் வேலை செய்த தோட்டத்தின் டின் டிக்கட்டைத் தற்செயலாகக் கண்டு அன்றுதான் கணக்குத் திறந்தவர், அனுபவமுள்ள சேகரிப்பாளரைவிட அதிகம் கொடுக்கக்கூடும். விற்பவரும் முதலில் பூச்சியமாக இருந்தவர்தான். பால் ரெஸ்னிக், ரிச்சட் செக்ஹவுசர் முதலானோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவப்பட்ட ஒரு விற்பனையாளர் ஒரே தரமான பழைய தபால் அட்டைகளைத் தம் பெயரிலும் புதிதாகத் திறந்த கணக்குகளிலும் ஈபேயில் விற்றுப் பார்த்தார். தெரிந்த பெயருக்கு வாங்குவோர் 8.1 வீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். பெயர் இல்லாததற்கு ஒரு விலை உண்டு. ஆனால் பெயர் இல்லாதவரெல்லாம் ஏமாற்றுக்காரர் அல்லர்.

மதிப்பெண் எவ்வளவு பயன்படும் என்பதிலும் கவனம் தேவை. 2008 முதல் ஈபேயில் விற்பவர் வாங்குபவருக்குக் குறைமதிப்பு இட முடியாது. பத்துப் பொருள் வாங்கி இரண்டுக்குப் பணம் கட்டாதவரின் பக்கமும் சுத்தமாகவே தெரியும். ஆகையால் எண்ணைவிட நடத்தையைப் பார்ப்பதே மேல். கணக்குத் திறந்து எவ்வளவு காலம், என்னென்ன வகைப் பொருள்களைக் கேட்கிறார், செய்தி அனுப்பினால் பதில் வருகிறதா என்பவை கொஞ்சம் பேசும். டோக்கனின் எடை என்ன, விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று கேட்கும் புதியவர் பெரும்பாலும் உண்மையாகவே வாங்க வந்தவர். பொருளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், "வட்ஸ்அப் இலக்கம் தாருங்கள், இருமடங்கு தருகிறேன்" என்பவரை உடனே விலக்கலாம். அடுத்து வருவது பணம் வந்ததாகக் காட்டும் போலி மின்னஞ்சலாகவே இருக்கும். இலங்கை விற்பனையாளருக்கு ஈபே பணத்தைப் பேயோனியர் கணக்கு வழியாகக் கொடுக்கிறது; பணம் வந்ததா என்பதைத் தளத்துக்குள் போய்ப் பார்க்கவேண்டும், மின்னஞ்சலில் அல்ல.

ஒருவரையும் அவமதிக்காமல் முன்கூட்டியே வடிகட்டவும் வழி உண்டு. ஈபேயின் அமைப்புப் பக்கத்தில், பணம் கட்டாத பதிவுகள் உள்ளவர்களையும், தபால் அனுப்ப விரும்பாத நாடுகளில் உள்ளவர்களையும் தடுக்கலாம். மதிப்பெண் 5 அல்லது அதற்குக் கீழ் உள்ளவர் பத்து நாளுக்குள் இத்தனை பொருளுக்கு மேல் கேட்கக்கூடாது என எல்லை வைக்கலாம். தனித்தனியாகப் பெயர் குறித்துத் தடுக்கும் பட்டியலில் 5,000 பேர் வரை சேர்க்கலாம். விலைமதிப்புள்ள பொருளின் விவரத்தில், "மதிப்பெண் இல்லாதவர்கள் கேட்குமுன் ஒரு வரி எழுதுங்கள்" என்று போடுவது பல விற்பனையாளர்களின் பழக்கம். எழுதாமல் கேட்டவரின் கேள்வியை ஏலம் முடியுமுன் விற்பவரே நீக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத தந்திரம் ஒன்று உண்டு. ஒருவர் பத்து டொலர் கேட்பார். அவருடைய கூட்டாளி அல்லது அவரே திறந்த இன்னொரு கணக்கு ஐந்நூறு டொலர் உச்சவரம்பு வைக்கும். விலை மேலே போவதைக் கண்டு மற்றவர்கள் ஒதுங்குவார்கள். முடிவு நெருங்கும்போது ஐந்நூறு திரும்பப் பெறப்படும்; பத்து டொலர் வென்றுவிடும். ஈபேயில் கடைசி 12 மணி நேரத்தில், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே கேள்வியை மீட்க முடியும். எனவே இந்த விளையாட்டு அதற்கு முன்பே நடக்கும். முடிவதற்கு முந்திய நாள் கேள்விப் பட்டியலைப் பார்க்காத விற்பனையாளர் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுவார். இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. பூச்சியக் கணக்கு ஒன்று விலையை ஏற்றிவிட்டு மறைந்தால், மற்ற சேகரிப்பாளர்கள் அது விற்பவரே வைத்த ஆள் என்று எண்ணுவார்கள். தோட்ட டோக்கன் போன்ற சிறிய வட்டத்தில் அந்தச் சந்தேகம் நெடுநாள் ஒட்டிக்கொள்ளும்.

பொருளை அனுப்புவதில் புதியவர், பழையவர் என்ற பேதம் வேண்டாம். பணம் கணக்கில் விழுந்த பின்பே, தளத்தில் பதிந்த முகவரிக்கு மட்டுமே, தடமறியும் இலக்கமுள்ள பதிவுத் தபாலில் அனுப்புவது முறை. ஈபேயில் 750 டொலர் அல்லது அதற்கு மேற்பட்டதற்குப் பெறுபவரின் கையொப்பமும் தேவை. இருபக்கப் படம், விளிம்பின் படம், கிராமில் எடை ஆகியவற்றைக் குறித்து வைத்தால், "வேறு பொருள் வந்தது" என்று தேய்ந்த இன்னொன்றைத் திருப்பி அனுப்புபவரிடம் காட்ட ஆதாரம் இருக்கும். சட்டத்தையும் ஏலத்துக்கு முன்பே பார்க்கவேண்டும். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட தொல்பொருளை 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. பிற்காலப் பொருள்களுக்கு 1988ஆம் ஆண்டுக் கலாசார ஆதனச் சட்டம் பொருந்துமா என்றும் திணைக்களத்திடம் கேட்டுத் தெளியலாம். விற்றபின் அனுப்ப முடியாமல் போனால் நம்பத்தகாதவர் விற்றவர்தான்.

எல்லாம் செய்தும் வென்றவர் பணம் கட்டாமல் போவதுண்டு. பெரிய ஏல நிறுவனங்களுக்கே இது நடந்திருக்கிறது. 2009 பெப்ரவரியில் பரிஸில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில், சீன அரண்மனையிலிருந்து கொள்ளைபோன எலி, முயல் வெண்கலத் தலைகளைச் சீனச் சேகரிப்பாளர் சாய் மிங்சாவோ 3 கோடியே 14 லட்சம் யூரோவுக்குக் கேட்டு வென்றார். பின்னர் எதிர்ப்பைக் காட்டவே கேட்டதாகச் சொல்லி, பணம் தர மறுத்தார். 2010 நவம்பரில் லண்டனருகே ரைஸ்லிப்பில் 4 கோடியே 30 லட்சம் பவுணுக்கு ஏலம் போன சியென்லோங் காலத்துச் சாடிக்கும் பணம் வரவில்லை.

சிறு விற்பனையாளரின் வழி எளிது. நான்கு நாள் கழிந்தபின் பணம் வராவிட்டால் ஈபேயில் விற்பனையை ரத்துச் செய்து, வாங்கியவர் பெயரில் கட்டாத பதிவு விழச்செய்யலாம். விற்பனைக் கட்டணமும் திரும்ப வரும். பின்பு இரண்டாவதாகக் கேட்டவருக்கு, அவர் வைத்த உச்ச விலையில், இரண்டாம் வாய்ப்பு அனுப்பலாம். ஏற்பதும் விடுவதும் அவர் விருப்பம். மறைந்துபோன கணக்கே விலையை ஏற்றியிருந்தால், அந்த விலையை அவரிடம் கேட்பது நியாயமல்ல. அப்போது பொருளை மறுபடி புதிதாக ஏலத்துக்குப் போடுவதே நல்லது. ரைஸ்லிப் சாடி இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 2013இல் பொன்ஹாம்ஸ் நிறுவனம் வழியாக, முதலில் கேட்ட விலையில் ஏறத்தாழப் பாதிக்குக் கைமாறியதாகச் செய்திகள் வந்தன.