40 வயது பங்க் ஆல்பம், இப்போ 3 தட்டுகளில்: கூடுதலா என்ன இருக்கு?

வினைல் கடைகளில் சில நேரம் ஒரே ஆல்பம் இரண்டு விலையில் இருக்கும். ஒன்று சாதாரணத் தட்டு. மற்றது தடிமனான 'விரிவாக்கப்பட்ட மறுவெளியீடு'. எதுக்கு இந்த வித்தியாசம்?

லண்டனின் 'தி கிளாஷ்' பங்க் ராக் குழு வெளியிட்ட 'காம்பேட் ராக்' நல்ல உதாரணம். அது 1982 மே மாதம் வந்தது. 40 ஆண்டு கழித்து, 2022 மே மாதம், 'காம்பேட் ராக் / தி பீப்பிள்ஸ் ஹால்' என்ற பெயரில் 3 வினைல் தட்டுகளாக மறுபடியும் வந்தது. பழைய 12 பாடல்களோடு இன்னொரு 12.

அது என்ன 'பீப்பிள்ஸ் ஹால்'?

மேற்கு லண்டனில் உள்ள ஒரு கட்டடம். குழு அங்கேதான் ஒத்திகை பார்த்தது, பதிவும் செய்தது. அந்த இடத்துக்கே ஒரு கதை உண்டு. அங்குள்ள காலி வீடுகளில் குடியேறியவர்களை வெளியேற்ற நகர நிர்வாகம் திட்டமிட்டது. அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? 1977இல் 'ஃபிரெஸ்டோனியா' தனி நாடு என்று அறிவித்து, ஐக்கிய நாட்டு நிறுவனத்துக்கு எழுதினார்கள். சொந்தமாகத் தபால்தலைகூட வெளியிட்டார்கள்!

அப்போ எல்லாமே இதில் கிடைக்குமா?

இல்லை. கித்தார் கலைஞர் மிக் ஜோன்ஸ் முதலில் உருவாக்கியது சுமார் 77 நிமிட ஆல்பம். வினைலின் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடப் போனாலே பள்ளங்கள் நெருங்கி, சத்தம் மெலிந்துவிடும். ஆக, அதற்கு இரண்டு தட்டு வேண்டும். ரொம்ப நீளம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கிளின் ஜான்ஸ் அதைச் சுமார் 46 நிமிடமாகக் குறைத்தார், ஒரே தட்டு. மனக்கசப்பு ஆறவில்லை. 1983இல் மிக் ஜோன்ஸ் நீக்கப்பட்டார்.

அந்த 77 நிமிட வடிவம் மறுவெளியீட்டில் இல்லை. 'விரிவாக்கப்பட்டது' என்றால் 'முழுமையானது' என்று நினைச்சுடாதீங்க. எது உள்ளே, எது வெளியே என்று யாரோ முடிவு செய்கிறார்கள்.

இன்னொரு சோகம்: 'ராக் த கஸ்பா' பாடலுக்கு டிரம்ஸ், பியானோ, பேஸ் மூன்றையும் வாசித்தவர் டிரம்ஸ் கலைஞர் டாப்பர் ஹெடன். ஆல்பம் வெளியான அதே மாதம், போதைப் பழக்கத்தால் அவர் நீக்கப்பட்டார். அமெரிக்காவில் குழுவின் மிகப் பெரிய ஹிட் அந்தப் பாடல். அதன் காணொளியில் வாசிப்பது வேறொருவர்!

நமக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

ஆல்பத்தின் அட்டைப்படம் எடுக்கப்பட்டது தாய்லந்தில், ஒரு ரயில் தண்டவாளத்தில். அதைவிட முக்கியம் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்ற பாடல். பிரிட்டனில் ஒதுக்கப்படும் குடியேறிகள், வியட்நாமில் அமெரிக்க வீரர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகள் பற்றியது. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஐ.ஏ., அதாவது மாதங்கி அருள்பிரகாசம், 2007இல் அந்த இசைத் துணுக்கின் மேல்தான் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலை உருவாக்கினார். அதுவும் குடியேறிகளைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதைக் கிண்டலடிக்கும் பாட்டு. பாடலாசிரியர் பட்டியலில் கிளாஷ் குழுவினர் பெயர்களும் உண்டு.

சரி, வாங்கலாமா?

முதல் முறை கேட்பவருக்கு ஒற்றைத் தட்டே போதும். கூடுதல் 12இல் சில, ஏற்கெனவே தனிப்பாடலாகவோ அதன் மறுபக்கமாகவோ வந்தவைதான். ஆல்பம் மனப்பாடம் ஆனவர்களுக்குத்தான் அவை சுவைக்கும்.

'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்', முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. 'பேப்பர் பிளேன்ஸ்' தெரிஞ்சவங்களுக்குத் தொடக்கத்திலேயே பிடிபட்டுவிடும்.