அரை லீற்றர் மண்ணெண்ணெய், 49,000 லீற்றர் தண்ணீர்

2022 ஓகஸ்ட் 21ஆம் திகதி நள்ளிரவில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. கார் இஞ்சினில் அப்பிய ஒயிலையும் கிறீஸையும் கழற்ற அரை லீற்றர் போதும் என்று வைத்தால், 43 ரூபாய் 50 சதத்தில் முடிந்த வேலைக்கு மறுநாள் 170 ரூபாய் வேண்டியிருந்தது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் கரையில் அந்த ஏற்றம் கார்க்காரரை விட மண்ணெண்ணெயில் படகு ஓட்டுபவரைத்தான் அதிகம் வாட்டியது. அவருடைய அன்றாட எரிபொருளைத்தான் நாம் இஞ்சினில் ஊற்றி மண்ணில் விடுகிறோம்.

நம் ஊர்களில் ஒயில் கசியும் இஞ்சின்கள் ஏராளம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடம் பழையதையே ஓட்டினோம். டெப்பட் கவர் பெக்கிங் காய்ந்து இறுகினால் ஒயில் வெளியே வரும். நிமிடத்துக்கு ஒரு சொட்டுத்தானே என்று விட்டுவிடுவோம். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லிலீற்றர். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓடினால் 6 மில்லிலீற்றர், மாதத்துக்கு 180, ஐந்து மாதத்தில் 900. அதில் ஒரு பங்கு ரோட்டில் விழுகிறது. மீதி இஞ்சின் மேல் தங்கி, கடற்கரை மணலையும் புழுதியையும் சேர்த்துப் பிடித்துக் கறுத்த களியாகிறது. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் கழுவ வேண்டும். கழுவிவிட்டுப் பெக்கிங்கை மாற்றாமல் விட்டால் செலவு அத்தனையும் வீண்.

எதால் கழுவுவது? பெற்றோலைத் தொடவே கூடாது. அதன் ஆவி சுழியத்துக்குக் கீழே 40 பாகை குளிரிலும் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் வேண்டும். அம்பாறை வெயிலில் மூடிய பொனற்றுக்குள் 38 பாகை பெரிய சூடல்ல என்பதால், மண்ணெண்ணெயையும் ஆறிய இஞ்சினில், பற்றரி வயரைக் கழற்றிய பிறகே பூச வேண்டும். டீசலும் ஒயிலைக் கரைக்கும், ஆனால் காயாமல் பிசுக்கை விட்டுவிடும். இரண்டுமே ரேடியேற்றர் ஹோஸின் றப்பரை ஊத வைப்பவை. அங்கே சவர்க்காரத் தண்ணீர் போதும். கோஸ்டிக் சோடா கலந்த தூள் அலுமினியத்தை அரித்துவிடும்.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். தோட்டக் குழாய் நிமிடத்துக்கு 15 லீற்றர் விட்டால் பத்து நிமிடத்தில் 150. அழுத்தத்தில் பீய்ச்சும் மெசினுக்கு 70 லீற்றர் அளவில் போகும். ஆனால் அதன் அழுத்தம் 100 பார், டயரில் இருக்கும் காற்றைப் போல் ஐம்பது மடங்கு. அது வயர் இணைப்புகளின் றப்பருக்குள் புகுந்தால் பழுதுபார்க்கும் செலவு கழுவிய செலவை விழுங்கிவிடும். ஹைபிரிட் கார் என்றால் குழாயும் வேண்டாம், மெசினும் வேண்டாம். பிரியஸின் பெரிய பற்றரி 201.6 வோல்ற்; அந்த மின்சாரம் போகும் ஒரேஞ்ச் நிற வயர் கண்ட இடத்தில் ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றக் கார்களுக்கு இரண்டு வாளி, 20 லீற்றர், தாராளம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு தண்ணீரில் வுழுச் செய்தார்கள் என்று ஹதீஸில் படித்திருக்கிறோம். அது இன்றைய அளவில் முக்கால் லீற்றருக்கு மேல் வராது. குழாயில் போகும் 150 லீற்றர் இருநூறு பேரின் வுழுவுக்குக் காணும்.

ஆனால் பெரிய செலவு நாம் திறந்துவிடும் தண்ணீரில் இல்லை. கெடுக்கும் தண்ணீரில்தான் இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவு நீரில் எண்ணெயும் கிறீஸும் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2008இல் வர்த்தமானியில் வெளியான வரம்பு. அரை லீற்றர் மண்ணெண்ணெய் 400 கிராம். கழன்று வரும் களியில் ஒயில் 100 மில்லிலீற்றர் என்றால் 90 கிராம். மொத்தம் 490 கிராம், அதாவது 490,000 மில்லிகிராம். அதைப் பத்தால் வகுத்தால் 49,000. ஒரேயொரு கார் இஞ்சினின் அழுக்கை அந்த வரம்புக்குள் கொண்டுவர 49,000 லீற்றர் நல்ல தண்ணீர் வேண்டும். கூரையில் நிற்கும் ஆயிரம் லீற்றர் டாங்கிகள் நாற்பத்தொன்பது!

சேர்விஸ் நிலையத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். வீட்டு முற்றத்தில் கேட்க ஆளில்லை. அங்கே கழுவியது மணலில் இறங்கும், அல்லது வடிகானால் சாய்ந்தமருதுத் தோணாவுக்குப் போகும். மணலுக்கு அடியில், சில அடி ஆழத்தில், கிணற்றுத் தண்ணீர் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி உப்பாக்கிய கிணறுகளை எவ்வளவு பாடுபட்டு இறைத்தோம் என்பதை இந்த ஊர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவுக்கு மேல் இறைத்த கிணறுகளில் அடியிலிருந்து மேலும் உப்பு ஏறியது. உப்பையாவது மாரி மழை கழுவித் தந்தது. ஒயில் அப்படிப் போகாது. சுன்னாகம் மின்நிலையக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4இல் தீர்ப்பளித்தது. அது பெரிய ஆலை, அங்கே சுண்ணாம்புக்கல். இங்கே சிறு சிறு முற்றங்கள், மணல். இரண்டு நிலமும் ஒயிலைத் தடுத்து நிறுத்தாது.

களியை முதலில் மட்டைத் துண்டால் சுரண்டி, பழைய சாரன் துணியால் துடைத்தெடுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும். மண்ணெண்ணெயைப் பிறஷில் தொட்டுப் பூசி, வடிவதைக் கீழே தட்டில் பிடியுங்கள். ஒரு நாள் அசையாமல் வைத்தால் அழுக்கு அடியில் படியும். தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுக்கலாம். நிலத்தில் சிந்தியதற்கு உமி தூவுங்கள். நெல் ஆலைகள் நிறைந்த சம்மாந்துறைப் பக்கம் உமிக்குப் பஞ்சமில்லை. இப்படிச் செய்து தண்ணீரோடு போவதை 25 கிராமாகக் குறைத்தால் 49,000 என்பது 2,500 ஆகிவிடும்.

பிடித்த கழிவை ஊற்ற ஓர் இடம் வேண்டும். கல்முனை மாநகர சபை மூடியுள்ள 200 லீற்றர் பீப்பாய் ஒன்றை ஒவ்வொரு வட்டாரத்திலும் வைத்து, நிரம்பியதும் எடுத்துச் செல்லட்டும். கழுவலுக்கு 600 மில்லிலீற்றர் வீதம் ஒரு பீப்பாய் 333 இஞ்சின்களுக்குக் காணும்.