டொராண்டோவில் அமேசான் மூக்குப்பொடி: சடங்குப் புகையிலை யாருக்கு மருந்து?

அமேசான் காட்டின் பூர்வகுடி மக்கள் சடங்குகளில் பயன்படுத்தும் 'ஹபே' என்ற மூக்குப்பொடி, டொராண்டோ போன்ற வட அமெரிக்க நகரங்களில் உடலையும் உள்ளத்தையும் தூய்மைப்படுத்தும் மருந்தாக நாடப்பட்டு வருகிறது. ஒரு சமூகத்தின் சடங்கிலிருந்து பிரிக்கப்பட்ட பின்னரும் புகையிலை மருந்தாகவே நீடிக்குமா என்ற கேள்வியை இது எழுப்பியுள்ளது.

பிரேசிலின் அக்ரே மாநிலத்தில் வாழும் ஹுனி குயின், யவானாவா போன்ற மக்கள், உலர்த்தி இடித்த புகையிலையுடன் குறிப்பிட்ட மரங்களின் சாம்பலைக் கலந்து இப்பொடியைத் தயாரிக்கின்றனர். ஒருவர் மற்றவரின் நாசியில் குழல் மூலம் இதை ஊதுகிறார். பொடியின் தரத்தைப் போலவே ஊதுபவரின் பயிற்சியும் மனநிலையும் முக்கியமாகக் கருதப்படுகின்றன. அதைத் தொடர்ந்து வரும் கண்ணீர், வியர்வை, வாந்தி ஆகியவை உள்ளிருக்கும் தீமை வெளியேறுவதன் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன.

மருத்துவ அறிவியலின் விளக்கம் வேறு. இதில் பெரிதும் பயன்படும் 'நிக்கோட்டியானா ரஸ்டிகா' என்ற இனத்தில், சாதாரண சிகரெட் புகையிலையைக் காட்டிலும் நிக்கோட்டின் அதிகம். சாம்பலின் காரத்தன்மை அதை உடல் விரைவாக உறிஞ்சிக்கொள்ளச் செய்கிறது. புகையிலையுடன் சுண்ணாம்பு சேர்த்து மெல்லும் தமிழர்களுக்கு இந்த வேதியியல் புதிதல்ல. வாந்தியும் வியர்வையும் நிக்கோட்டின் மிகுதியாக உட்சென்றதன் அறிகுறிகளும் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மூக்குப்பொடி உள்ளிட்ட புகையற்ற புகையிலையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது.

எனினும் சடங்குப் புகையிலை டொராண்டோவுக்கு அமேசானிலிருந்து வந்து சேர்ந்த ஒன்றல்ல. இப்பகுதியின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களுக்குப் புகையிலை நான்கு புனித மருந்துகளில் ஒன்று. மூத்தோரிடம் அறிவுரை கேட்கும்போது அதைக் காணிக்கையாக அளிக்கின்றனர், நிலத்தில் வைக்கின்றனர், நெருப்பில் இடுகின்றனர். புகையை உள்ளிழுப்பது பெரும்பாலும் இதன் நோக்கமே அல்ல.

பூர்வகுடிகளின் சடங்குகள் சிலவற்றைக் கனடா 1884-ல் சட்டம் இயற்றித் தடை செய்தது. அத்தடை 1951-ல்தான் விலகியது. நோயாளிகள் கோரும் இடங்களில் பூர்வகுடி சிகிச்சை முறைகளைப் பயன்படுத்துமாறு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015-ல் பரிந்துரைத்தது. மறு ஆண்டில், டொராண்டோவின் போதைப் பழக்க மற்றும் மனநல சிகிச்சை மையம், தனது வளாகத்திலேயே பூர்வகுடிகளின் வியர்வைக் குடில் சடங்குக்கு இடம் ஒதுக்கியது.

2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒன்டாரியோவின் புகைத்தல் தடுப்புச் சட்டமும் இதே வழியில் செல்கிறது. பூர்வகுடியினர் பாரம்பரியச் சடங்குக்காகப் புகையிலையைக் கொளுத்துவதற்கு அது தடை விதிக்கவில்லை. அங்கு தங்கியுள்ள பூர்வகுடியினர் கோரினால், மருத்துவமனைகள் இதற்கென உள்ளிடம் ஒதுக்கியாக வேண்டும். மற்றவர்களுக்கு இச்சலுகை பொருந்துவது, பூர்வகுடி ஒருவருடன் சேர்ந்து அச்சடங்கில் ஈடுபடும்போது மட்டுமே.

அதாவது சட்டம் விலக்களித்திருப்பது இலைக்கு அல்ல, ஒரு மக்களுக்கும் அந்த இலைக்கும் இடையிலான உறவுக்கே எனலாம். அமேசான் பொடியை விலைக்கு வாங்கித் தானே நாசியில் ஊதிக்கொள்ளும் நகரவாசியிடம் அந்த உறவு இல்லை. நிக்கோட்டின் மட்டுமே எஞ்சுகிறது. ஆயினும் அமேசான் மக்கள் எல்லோரும் வெளியாரை விலக்குவதில்லை. யவானாவா மக்கள் தமது கிராம விழாக்களுக்கு வெளிநாட்டவரை வரவேற்கின்றனர். அது அவர்களுக்கு வருமானமும் கூட. ஆனால் அங்கு பொடியை ஊதுபவர் அச்சமூகத்தில் பயின்றவர். இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் நிக்கோட்டினால் ஏற்படக்கூடிய ஆபத்து, இரு இடங்களிலும் ஒன்றுதான்.