நிலத்துக்குக் கீழே ஒரு வெற்று நூலகம்

பேர்லின் நகரின் பேபெல் சதுக்கத்துக்குப் போகிறவரின் கண் முதலில் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில்தான் படும். நடுவில் வெறும் கல் பாவிய தரை. தூணோ சிலையோ கிடையாது. ஆனால் நாலைந்து பேர் குனிந்து நிலத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 'அங்க என்ன இருக்கு?' என்று கிட்டப் போனால், தரையில் பதித்த சதுரக் கண்ணாடி. அதன் கீழே ஒரு வெள்ளை அறை. சுவரெல்லாம் புத்தகத் தட்டுகள். ஒரு புத்தகம்கூட இல்லை.

இஸ்ரேலியச் சிற்பி மீகா உல்மன் 1995இல் அமைத்த 'நூலகம்' இது. 1933 மே 10ஆம் திகதி இரவு, நாஜி மாணவர்கள் இதே இடத்தில் ஏறத்தாழ 20,000 நூல்களை எரித்தனர். அத்தனையையும் அடுக்கப் போதுமான தட்டுகளே கீழே வெறுமையாகக் கிடக்கின்றன. சிலை வைத்தால் அது இருக்கிற ஒன்றைக் காட்டும். வெறுந்தட்டோ, இல்லாமற் போனதைப் பார்ப்பவரையே எண்ண வைக்கிறது.

பக்கத்தில், தரையில் பதித்த தகட்டில், கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனேயின் வரிகள் உள்ளன. நூல்களில் தொடங்கும் தீ அதோடு நிற்காது என்பதே அவற்றின் எச்சரிக்கை. பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. அவ்வரிகள் 1823இல் வெளியான 'அல்மன்சோர்' நாடகத்தில் வருபவை. ஸ்பெயினின் கிரனாடாவில் குர்ஆன் எரிக்கப்பட்டதைக் கேட்டு ஒரு முஸ்லிம் பாத்திரம் பேசுவது. எழுதியவரோ யூதராகப் பிறந்தவர். நூலெரிப்புக்குப் பின் சில ஆண்டுகளில், நாஜிகள் இலட்சக்கணக்கான யூதரைக் கொன்றனர்.

எரிவது யாருடைய கிதாபு என்று பார்த்துக் கவலைப்படுகிறவர், அந்தக் கண்ணாடியை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும்.